பரீட்சைக் காலமும் மழைக் காலமும்: மீரியபெத்த எங்களுக்குச் சொல்லித்தந்தது



கொஸ்லந்தயிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் 6ஆம் தரம் முதல் 9ஆம் தரம் வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பிள்ளையைக் கொண்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்களும் கேட்க வேண்டிய விஷயம்தான்.

மூன்றாம் தவணைப் பரீட்சை நெருங்கும்போதெல்லாம் எங்களிடம் வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. "சேர், மழையா இருந்தா பிள்ளைய அனுப்புறதா, வேணாமா? டெஸ்ட்டுக்கு வராட்டி பெயிலாக்கிருவீங்களா?" கடைவீதியில் கேட்கிறார்கள், பஸ்ஸில் கேட்கிறார்கள், ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதும் கேட்கிறார்கள். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு வரியில் சொன்ன விதிகள் மழை நாளில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அந்த விதி எங்கிருந்து வந்தது, எவ்வளவு விலை கொடுத்து வந்தது என்று தெரிந்தால்தான் அது மனதில் நிற்கும். ஆகவே முதலில் வரலாறு, பிறகு விதிகள்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, புதன்கிழமை. தீபாவளி முடிந்து ஒரு வாரம். பல நாளாக மழை. காலை ஏழரை மணியை ஒட்டி மீரியபெத்த தோட்டத்து லயங்களின் மேல் மலை இறங்கியது. எங்கள் ஊரில் இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஆனால் இன்று 6ஆம், 7ஆம் தரங்களில் இருக்கும் பிள்ளைகள் அன்று கைக்குழந்தைகள், அல்லது பிறக்கவே இல்லை. அவர்களுக்கு மீரியபெத்த என்பது பெரியவர்கள் பேசும் ஒரு பெயர் மட்டும்தான்.

அந்த ஏழரை மணியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் அது பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விட்ட நேரம், அல்லது போய்க்கொண்டிருக்கும் நேரம். வீட்டில் இருந்தவர்கள் வேலைக்குப் புறப்படாதவர்கள், வயதானவர்கள், சிறு குழந்தைகள். அன்று பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினார்கள். ஆனால் அவர்கள் திரும்பிப் போக வீடு இருக்கவில்லை. சிலருக்குத் தாயும் தகப்பனும் இருக்கவில்லை. பாடசாலை மணி அடித்த நேரம்தான் அந்தப் பிள்ளைகளுக்கும் மண்ணுக்கும் நடுவில் நின்றது.

அன்று மாலையே பாடசாலைகள் முகாம்களாகின. கொஸ்லந்த ஸ்ரீ கணேசா தமிழ் வித்தியாலயத்தில் மக்கள் வந்து தங்கினார்கள், பூனாகலைப் பக்கமும் அப்படித்தான். மேசை, கதிரைகளை ஒதுக்கிவிட்டு வகுப்பறையில் பாய் விரித்தார்கள். அந்த வருடத்துச் சாதாரண தரப் பரீட்சை டிசம்பரில் இருந்தது, அதாவது ஆறு வாரம்தான். புத்தகம், கொப்பி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் மண்ணுக்குள் போன வீடுகளிலும் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் இருந்தார்கள். பரீட்சைக் காலம், மழைக் காலம், முகாம் வாழ்க்கை மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை எங்கள் ஊர் நாட்டுக்கே காட்டியது.

இன்னொன்றையும் ஆசிரியர்களாகிய நாங்கள் மறக்கக் கூடாது. முதல் நாட்களில் எத்தனை பேர் மண்ணுக்குள் இருக்கிறார்கள் என்று எவருக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நூற்றுக்கணக்கில் காணவில்லை என்று செய்தி போனது, பிறகு கணக்குக் குறைந்துகொண்டே வந்தது. காரணம், அன்று காலை எந்த வீட்டில் யார் இருந்தார், யார் வேலைக்குப் போனார், யார் கொழும்பில் இருந்தார் என்பதைச் சொல்லும் பட்டியல் ஒன்று உடனே கையில் இல்லாததுதான். அப்படியான நாளில் வகுப்பு இடாப்பு எவ்வளவு பெறுமதியான ஒன்று என்று யோசித்துப் பாருங்கள். தினமும் காலையில் நாங்கள் பெயர் கூப்பிட்டு அடையாளமிடுவது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒரு பிள்ளை எங்கே இருக்கிறது என்று எழுத்தில் சொல்லும் முதல் ஆவணம் அது.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி: முன்கூட்டியே தெரியாதா?

தெரியும். அதுதான் வேதனை. 1986 ஜனவரியில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தன. அதன் பிறகுதான் எந்த மலை ஆபத்தானது என்று வரைபடம் போடும் வேலையை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒழுங்காகத் தொடங்கியது. சுனாமிக்குப் பிறகு, 2005இல், அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. மீரியபெத்த ஆபத்தான இடம், அங்குள்ள மக்களை அகற்ற வேண்டும் என்று அந்த நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது. எழுத்தில் இருந்தது. இரண்டு தடவை இருந்தது. ஆனாலும் 2014 ஒக்டோபரில் மக்கள் அதே லயத்தில்தான் சோறு சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லியும் போகாமல் இருந்தார்கள்" என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வது நியாயம் இல்லை. எங்கே போவது? லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், இருப்பவருக்கு உறுதிப்பத்திரம் கிடையாது. வேலை அந்த மலையில், பிள்ளை படிப்பது அந்த மலையில், கோயில் அந்த மலையில். இடம் விட்டுப் போ என்று சொல்லும் கடிதத்தில் போவதற்கு ஓர் இடம் எழுதியிருக்கவில்லை என்றால் அது பாதி எச்சரிக்கைதான். அனர்த்தம் நடந்த பிறகும் அந்த மக்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குள் மறைப்புக் கட்டிக்கொண்டு ஏறத்தாழ இரண்டு வருடம் இருந்தார்கள். மக்கள்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டது 2016இல். 7 பேர்ச் காணி பற்றிய பேச்சு நாடு முழுக்கப் பரவியதற்கும் மீரியபெத்த ஒரு பெரிய காரணம்.

இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பெரிய அலுவலகத்தின் கடிதம் லயத்து அடுப்படிக்குப் போய்ச் சேராதது போல, நாங்கள் அனுப்பும் அறிவித்தல்களும் பிள்ளையின் புத்தகப்பைக்குள் கசங்கிக் கிடக்கின்றன. கையொப்பம் வாங்கி வா என்றால் பிள்ளை வாங்கி வருகிறது. வாப்பா வாசித்தாரா, அம்மாவுக்கு விளங்கியதா என்று நாங்கள் கேட்பதில்லை. அனுப்பியாச்சு என்று எங்கள் கோப்பில் ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறோம். எச்சரிக்கைகள் இப்படித்தான் பயனில்லாமல் போகின்றன. மீரியபெத்தவில் நடந்ததற்கும் எங்கள் பாடசாலை அறிவித்தல்களுக்கும் அளவில்தான் வித்தியாசம்.

சரி, மழை என்றால் பரீட்சையை விட்டுவிடுங்கள் என்று சொல்லி முடித்துவிடலாமா? முடியாது. அதற்கும் வரலாற்றில் ஒரு காரணம் இருக்கிறது.

மலையகத்துக் குடும்பங்களுக்குப் பரீட்சை என்பது சும்மா வந்ததில்லை. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தோட்டத்துரைமார் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. அந்த ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார் என்ற அளவில்தான் இருந்தது. பத்து வயதானால் கொழுந்துக் கூடை. 1945இல் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அதன் பிறகும் பல வருடங்கள் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில். 1980களில்தான் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழும்பின. சாதாரண தரம் சித்தியடைந்த தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களாக உள்ளே எடுக்கப்பட்டார்கள். அப்படி ஒரு பெறுபேற்றுத் தாளால் தலையெழுத்து மாறிய குடும்பங்கள் எங்கள் ஊரிலும் இருக்கின்றன.

ஆகவே ஒரு தாய் கொட்டும் மழையில் பிள்ளையின் தலையில் பொலித்தீன் உறையைப் போட்டு "போய் எழுதிட்டு வா" என்று அனுப்பினால், அவள் அறியாமையால் அனுப்பவில்லை. மூன்று தலைமுறை காத்திருந்து கிடைத்த ஒன்றை ஒரு நாள் மழைக்கு விட்டுக்கொடுக்க மனம் வராமல்தான் அனுப்புகிறாள். டவுனில் கடை வைத்திருக்கும் எங்கள் முஸ்லிம் குடும்பங்களிலும் இதே மனம்தான். "நான் கடையோடயே போயிட்டேன், நீயாவது படி" என்று சொல்லாத வாப்பா இல்லை. அந்த மனதை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அந்த ஆசைக்கும் பிள்ளையின் உயிருக்கும் போட்டி வரக்கூடாது. வராமல் பார்த்துக்கொள்ள முடியும் என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

இந்தப் போட்டி ஏன் வருடாவருடம் வருகிறது என்பதற்கு நாட்காட்டியே பதில் சொல்லும். எங்கள் பாடசாலை ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதாக அமைந்தது. அதனால் மூன்றாம் தவணைப் பரீட்சையும் பெரிய பரீட்சைகளும் வருடக் கடைசியில் வந்து விழுகின்றன. ஊவாவின் இந்தப் பக்கத்துக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் மழையும். தியலுமவில் தண்ணீர் பெருகி விழும் மாதங்களும் பிள்ளைகள் விளக்கு வைத்துப் படிக்கும் மாதங்களும் ஒன்றுதான்.

2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சை தொடங்கி இரண்டு மூன்று நாளில் வெள்ளத்தால் நிறுத்தப்பட்டு டிசம்பர் 4ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டுதான் இருந்தது. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்கள் பட்ட பாட்டை நீங்களே பார்த்தீர்கள். மீதிப் பாடங்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிப்போயின. இதைக் கவனியுங்கள்: நாடு முழுவதும் எழுதும் உயர்தரப் பரீட்சையையே இரண்டு வருடம் தொடர்ந்து தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்ததால் எந்தப் பிள்ளையின் கல்வியும் முடிந்துபோகவில்லை. அப்படியிருக்க, 7ஆம் தரத்துத் தவணைப் பரீட்சைக்காக ஒரு பிள்ளை உடைந்த பாதையில் நடக்க வேண்டுமா?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 2014இல் பாடசாலைக்குப் போனதால் பிள்ளைகள் தப்பினார்கள் என்று மேலே சொன்னோம். அப்படியென்றால் மழை நாளில் பாடசாலைக்கு அனுப்புவதுதான் சரியா?

வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் என்று ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம். எங்கள் தோட்டங்களைப் போலவே ஒரே வேலையை நம்பி வாழ்ந்த மக்கள். சுரங்கக் கழிவை ஊருக்கு மேலே மலையில் கொட்டி வைத்திருந்தார்கள். பாடசாலைக்குள் வெள்ளம் வருகிறது என்று தாய்மார் கையொப்பமிட்டு மனுக் கொடுத்தார்கள். உள்ளூர்ச் சபையும் எழுதியது. 1966 ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு அந்தக் கழிவு மலை சரிந்து பாடசாலையின் மேல் விழுந்தது. 116 பிள்ளைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். அங்கே பிள்ளைகள் பாடசாலைக்குப் போனதால் இறந்தார்கள், மீரியபெத்தவில் பாடசாலைக்குப் போனதால் பிழைத்தார்கள். மாதமும் ஒன்று, நாளின் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டு இடத்திலும் எச்சரிக்கை முன்பே இருந்தது.

வீடுதான் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது, பாடசாலைதான் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. எது எந்தச் சரிவின் கீழ் இருக்கிறது, நடுவில் எந்தப் பாதை, எந்த ஓடை என்பதை மழைக்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவசரமாக வீட்டுக்கு அனுப்புவதும் சில நேரம் ஆபத்து. 2024 நவம்பர் 26ஆம் திகதி கிழக்கில் வெள்ளத்தின் நடுவே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மதரஸாப் பிள்ளைகளின் உழவு இயந்திரத்தை காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கம் வெள்ளம் இழுத்துச் சென்றது. மாணவர்கள் ஆறு பேரும் இன்னும் சிலரும் வபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினால் போதும் என்று நினைக்கும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் அந்த வீதியை மறக்கவே கூடாது.

நல்ல உதாரணமும் ஒன்று உண்டு. அது உங்கள் பிள்ளைகளின் வயதுக்காரர்கள் செய்தது. 2011 மார்ச் 11ஆம் திகதி ஜப்பானின் கமைஷி நகரில் நிலநடுக்கம் வந்ததும் ஒரு கனிஷ்ட இடைநிலைப் பாடசாலைப் பிள்ளைகள் மேட்டை நோக்கி ஓடத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்து ஆரம்பப் பாடசாலைச் சிறுவர்களும் வெளியே வந்தார்கள். பெரிய பிள்ளைகள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முதலில் நின்ற இடம் போதாது என்று கண்டதும் இன்னும் மேலே போனார்கள். அவர்களின் பாடசாலைக் கட்டடத்தைக் கடல் மூடியது. பிள்ளைகள் பிழைத்தார்கள். அந்நகரில் ஏறத்தாழ 3,000 பாடசாலைப் பிள்ளைகள் அன்று தப்பினார்கள். அதே நாளில் வேறோர் ஊரில், ஒக்காவா ஆரம்பப் பாடசாலையில், எங்கே போவது என்று முடிவெடுக்காமல் ஐம்பது நிமிடம் அளவில் மைதானத்தில் வைத்திருந்த 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள். கமைஷிப் பிள்ளைகள் வருடக்கணக்காகப் பழகியிருந்தார்கள். பெற்றோருக்கும் ஒன்று சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது: பிள்ளை தானாக மேட்டுக்குப் போயிருக்கும் என்று நம்புங்கள், தேடிக்கொண்டு ஆபத்துக்குள் வராதீர்கள்.

எங்கள் மலை கடல் இல்லைதான். ஆனால் பழகி வைத்த பிள்ளை பிழைக்கும் என்பது இரண்டுக்கும் பொது. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதவும் இடாப்பு அடையாளமிடவும் நன்றாகப் பழக்கினார்கள். நாற்பது பிள்ளைகளை மழையில் எந்தப் பக்கம் கொண்டுபோவது என்பதை இந்த மலையில் வேலைக்கு வந்த பிறகுதான் நாங்கள் படிக்கத் தொடங்கினோம். ஆகவே இதை உங்களுக்குப் போதிப்பதாக நினைக்காதீர்கள். சேர்ந்து படிப்போம்.

இனி விதிகள். பரீட்சைக் காலத்துக்கு இவை ஏழும் போதும்.

ஒன்று. நிறத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அறிவிக்கும். எங்களுக்கு ஹல்துமுல்ல. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் கவனம், 100 தாண்டினால் தயார், 150 தாண்டினால் வெளியே. ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேதான். நேரான பக்கங்கள் உள்ள ஒரு போத்தலை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே ஓரளவுக்குத் தெரிந்துவிடும். உங்கள் பிள்ளைக்கு இது விஞ்ஞானப் பாடமும்கூட.

இரண்டு. சிவப்பு அறிவித்தல் இருக்கும்போது தவணைப் பரீட்சை என்று பிள்ளையை ஆபத்தான பாதையில் அனுப்ப வேண்டாம். 6 முதல் 9 வரையான தரங்களில் ஒரு பாடத்துக்கு வராததால் பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. வராத பாடத்தை வேறொரு நாளில் எழுத வைக்க எங்களால் முடியும். வகுப்பாசிரியருக்கு ஒரு தகவல் சொன்னால் போதும். பாடசாலை மூடுவது பற்றி வலயக் கல்விப் பணிமனை அறிவிக்கும் வரை பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டுப் பாதையை உங்களை விட நன்றாகத் தெரிந்தவர் பணிமனையில் இல்லை.

மூன்று. அண்ணனோ அக்காவோ சாதாரண தரம், உயர்தரம் எழுதுவதாக இருந்தால் அது வேறு. அந்தத் திகதிகள் எங்கள் கையில் இல்லை. ஆகவே அபாய இடத்தில் வீடு உள்ளவர்கள் பரீட்சை நாட்களில் மட்டுமாவது நிலையத்துக்குக் கிட்ட, பாதுகாப்பான இடத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் பிள்ளையைத் தங்க வைக்க இப்போதே பேசி வையுங்கள். பாதை அடைபட்டால் பரீட்சைத் திணைக்களத்துக்கு 1911, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இரண்டு இலக்கத்தையும் சுவரில் எழுதி வையுங்கள். ஃபோனில் மட்டும் வைத்தால் சார்ஜ் போன அன்று உதவாது.

நான்கு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சை அனுமதி அட்டை, சமுர்த்தி, அஸ்வெசும, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரே உறைக்குள் போட்டு, கதவுக்குப் பக்கத்தில் தொங்க விடுங்கள். ஒவ்வொன்றையும் ஃபோனில் படம் எடுத்துச் சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். பரீட்சைக் காலத்தில் பிள்ளையின் முக்கியமான கொப்பிகளும் இரவில் அந்த உறைக்குள் போகட்டும்.

ஐந்து. பாடசாலையில் இருக்கும்போது ஆபத்து வந்தால் நாங்கள் இடாப்பை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைக் குறித்த இடத்துக்குக் கொண்டுபோவோம். பெயர் கூப்பிடுவோம். நீங்கள் எழுதித் தந்த ஆளிடம்தான் பிள்ளையை ஒப்படைப்போம். ஆளாளுக்கு வந்து வகுப்பிலிருந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கையொப்பம் இல்லாமல் போன ஒரு பிள்ளையைத் தேடி இன்னும் நான்கு பேர் மண்ணுக்குள் போக வேண்டிவரும். வரக்கூடிய இரண்டு பேரின் பெயரை இந்த வாரமே எழுதித் தாருங்கள். பாதை சரியில்லை என்றால் பிள்ளை எங்களோடு பாடசாலையிலேயே இருக்கும், இரவானாலும் சரி.

ஆறு. மலை தானாகவும் சொல்லும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரமும் வேலிக் கம்பும், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, ஓடைத் தண்ணீர் திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, இறுகி மூடாத கதவு. இதைக் கண்டால் படிப்பு மேசையையும் சாமான்களையும் விட்டுவிட்டு வெளியேறுங்கள், பிறகு கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். 2023 மார்ச் 19ஆம் திகதி இரவு பூனாகலை கபரகலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. உயிரிழப்பு இல்லை. வீடு போனாலும் ஆள் மிஞ்சினால் மீண்டும் தொடங்கலாம்.

ஏழு. 8ஆம், 9ஆம் தரப் பிள்ளைகளுக்கு: உங்கள் லயத்தில், உங்கள் தெருவில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் யார் யார் என்று தெரிந்து வையுங்கள். போகும்போது ஒரு கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். கமைஷியில் அதைச் செய்தவர்கள் உங்கள் வயதுக்காரர்கள்தான்.

கடைசியாக ஒன்று. இதைப் பேசினால் சிலர் "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம், நடக்கிறது நடக்கும்" என்கிறார்கள். தோட்டத்தில் "தலையெழுத்து" என்கிறார்கள். நம்பிக்கையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று சிறுவயதிலேயே மதரஸாவில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். கட்டாமல் விட்டுவிட்டுப் பழியை நாட்டத்தின் மேல் போடுவது மார்க்கம் ஆகாது. மீரியபெத்தவில் மண் இறங்கியதை மனிதனால் தடுத்திருக்க முடியாமல் இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் அங்கே மனிதர் இருந்ததைத் தடுத்திருக்க முடியும். ஒன்பது வருடம் இருந்தது.

வருடாவருடம் ஒக்டோபர் 29 வரும்போது விளக்கேற்றுகிறோம், துஆ செய்கிறோம், படம் போடுகிறோம். இந்த முறை அதோடு ஒரு வேலையும் செய்வோம். பரீட்சை தொடங்கும் முன் பெற்றோர் கூட்டம் வைக்கப்படும். தாய்மார் மட்டும் அல்ல, தகப்பன்மாரும் வாருங்கள். அன்று வேலை நாள் என்றால் சொல்லுங்கள், மாலையில் வைப்போம். தோட்டத்துக்கு வர வேண்டும் என்றால் நாங்களே வருகிறோம். இந்த முறை கடிதம் புத்தகப்பைக்குள் கசங்காது, முகம் பார்த்துப் பேசுவோம். ஒவ்வொரு வீடும் ஒரே ஒரு பதிலோடு வந்தால் போதும்: சிவப்பு அறிவித்தல் வந்த இரவில் எங்கள் குடும்பம் எங்கே போகும்?

அந்தப் பதில் இல்லாத வீடுகள் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். போக இடமில்லாதவர்கள் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். அந்தப் பெயர்களைச் சேர்த்து பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோவோம். பள்ளிவாசல், கோயில், பன்சல, தேவாலயம், பாடசாலை மண்டபம் என்று ஊரில் பாதுகாப்பான கூரைகள் எத்தனையோ இருக்கின்றன. யார் எந்தக் கூரையின் கீழ் என்று மழைக்கு முன்பே பேசி முடித்துவிட்டால் பிள்ளைகள் நிம்மதியாகப் படிப்பார்கள்.

பிள்ளைகள் எல்லோரும் நன்றாக எழுதட்டும். எழுதி முடித்து வீட்டுக்கு வரட்டும். வரும்போது வீட்டில் எல்லோரும் இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.